ஒரு ரூபாய்க் கிப்ளிங்

ரயில் பயணிகளுக்காக அலகாபாத்தில் அச்சான ஆறு மெல்லிய புத்தகங்கள் ஓர் இளம் நிருபரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றன. அதே ஊர் பின்னாளில் அவருக்கு ஒரு பதிலையும் அச்சிட்டது.

யமுனைப் பாலத்தைக் கடக்கும்போது ரயிலின் சத்தம் மாறுகிறது. கல்கத்தாப் பக்கத்திலிருந்து வரும் பயணிக்கு அலகாபாத் நெருங்கிவிட்டது என்று சொல்லும் சத்தம் அது. நைனியில் உள்ள இந்த இரும்புப் பாலம் 1865இல் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில், 1870 மார்ச்சில், ஜபல்பூர் வழியாக பம்பாய்ப் பாதையும் வந்து சேர்ந்தது. கல்கத்தா, டெல்லி, பம்பாய் என்று மூன்று திசைகளின் மெயில் வண்டிகளும் நின்று போகும் சந்திப்பாயிற்று அலகாபாத். ஊரின் பெயர் 2018இல் பிரயாக்ராஜ் என்று மாறியது. ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையும் பிறகு மாறிவிட்டது. வண்டிகள் மட்டும் பழைய பாதையில்தான் போகின்றன.

1888ஆம் ஆண்டு இந்த நிலையத்தின் புத்தகக் கடைக்கு ஒரு புதுச் சரக்கு வந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் காகித அட்டை. அட்டையில் ஒரு படம். உள்ளே ஒரு சில சிறுகதைகள். விலை ஒரு ரூபாய். 'இந்தியன் ரயில்வே லைப்ரரி' என்ற வரிசையின் முதல் புத்தகம் அது. ஒன்றன் பின் ஒன்றாக ஆறு புத்தகங்கள் வந்தன. ஆறையும் எழுதியவர் ஒருவரே: ருட்யார்ட் கிப்ளிங். வயது 22. உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த நிருபர்.

இரண்டே ஆண்டுகளில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியது. 1907இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதி அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆள் அவர். 41 வயதில் அதைப் பெற்ற அவரைவிட இளையவர் எவருக்கும் இலக்கிய நோபல் இதுவரை கிடைத்ததில்லை.

கிப்ளிங்கை ஏகாதிபத்தியத்தின் பாடகர் என்று சொல்வது வழக்கம். அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் கதைகள் எப்படி உருவாயின என்று பார்க்கப் போனால் கொடியும் கோட்டையும் கண்ணில் படுவதில்லை. ஒரு செய்தித்தாளின் பத்தி அகலமும், ஒரு வாரப் பதிப்பின் வெற்றுப் பக்கமும், ஒரு ரயில் பயணத்தின் நீளமும்தான் கண்ணில் படுகின்றன. கதையின் அளவை இடம்தான் முடிவு செய்தது. யாருக்காக எழுதுவது என்பதையும் இடமே முடிவு செய்தது. லாகூர், சிம்லா, அலகாபாத் என்று மூன்று ஊர்களில் அந்தக் கணக்கு நடந்தது.

லாகூர்: பத்தியை நிரப்பு

கிப்ளிங் பிறந்தது பம்பாயில், 1865 டிசம்பர் 30 அன்று. தந்தை ஜான் லாக்வுட் கிப்ளிங் அங்கே ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஆசிரியர். பிறகு லாகூரில் மேயோ கலைப் பள்ளியின் முதல்வராகவும் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகவும் போனார். மகன் ஐந்து வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1882 அக்டோபரில், 17 வயது நிறைவதற்குள் திரும்பி வந்தார். லாகூரின் 'சிவில் அண்ட் மிலிட்டரி கெஸட்' நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை காத்திருந்தது.

உதவி ஆசிரியர் என்றால் ஆசிரியர் குழுவில் பாதி. ஆசிரியர் ஒருவர், உதவியாளர் ஒருவர், அவ்வளவுதான். தந்திச் செய்திகளைச் சுருக்குவது, பிற பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டுவது, மெய்ப்புப் பார்ப்பது, குதிரைப் பந்தயத்துக்கும் பாலத் திறப்பு விழாவுக்கும் போய் வருவது எல்லாம் அந்தப் பையனின் வேலை. கோடையில் வெள்ளைக்காரர்கள் மலைக்குப் போய்விட, லாகூரின் வெப்பத்தில் அச்சு யந்திரத்தோடு அவர் மட்டும் கிடப்பார். தூக்கம் வராத இரவுகளில் பழைய நகரத்தின் சந்துகளில் நடப்பார். வஜீர் கான் மசூதியின் மினாரிலிருந்து, கூரைகளில் புரண்டு படுக்கும் நகரத்தைப் பார்த்தார். அந்த இரவைப் பற்றிய சித்திரம் 1885 செப்டம்பரில் கெஸட்டில் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1884 செப்டம்பர் 26 அன்று, அவரது முதல் சிறுகதை அதே தாளில் அச்சாகியிருந்தது. 'தி கேட் ஆஃப் தி ஹண்ட்ரட் சாரோஸ்' என்ற அந்தக் கதை, அபின் புகைக்கும் ஒரு கூடத்தில் ஒருவன் தன் வாழ்க்கையைச் சொல்லி முடிப்பது.

அந்தப் பத்திரிகையில் கிப்ளிங்கின் முதல் விமர்சகர் ருக்ன் தீன் என்ற முஸ்லிம் ஃபோர்மன். அச்சுக் கோப்பவர்களுக்குத் தலைவர். பக்கம் முடியும் நேரத்தில் எங்காவது ஒரு பொத்தல் விழும். அதை அடைக்க கிப்ளிங் ஒரு கவிதை கொடுப்பார். ருக்ன் தீன் அதைப் பாராட்டுவார். காரணம் கருத்தோ சந்தமோ அல்ல. அன்றைய இடைவெளிக்கு அது சரியாகப் பொருந்தியதுதான். பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இன்னும் கொடுங்கள், எப்போதும் இடம் உண்டு என்பாராம். பின்னாளில் கிப்ளிங்கே இதைச் சிரிப்போடு எழுதி வைத்தார். ஆனால் சிரிப்பு மட்டும் அல்ல அது. அளவு தெரிந்து எழுதுவதை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் அந்த லாகூர் ஃபோர்மனும் ஒருவர்.

அந்தக் கவிதைகள் 1886இல் புத்தகமானபோது அதையும் கெஸட்டின் அச்சகமே அச்சிட்டது. அரசாங்கக் கடித உறையைப் போல ஒடுக்கமான வடிவம், பழுப்புக் காகிதம், சுற்றிலும் கோப்புகளைக் கட்டும் சிவப்பு நாடா. வாங்குகிறவர்கள் எல்லாம் அரசு அலுவலகங்களில் இருந்தார்கள். விளையாட்டு அவர்களுக்கு உடனே புரிந்தது.

கதைகளுக்கு வழி பிறந்தது அதே 1886இல்தான். புதிய ஆசிரியராக கே ராபின்சன் வந்தார். லண்டன் பத்திரிகை ஒன்றின் வழக்கத்தைப் பின்பற்றி, ஒரு பக்கத்தின் கடைசிப் பத்தியில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குத் திரும்பும் இலகுவான கட்டுரைகளைப் போட ஆரம்பித்தார். பக்கம் திருப்ப வைப்பதால் அதற்கு 'டர்ன்ஓவர்' என்றே பெயர். அந்த இடம் கிப்ளிங்குக்குக் கிடைத்தது. 1886 நவம்பர் முதல் 1887 ஜூன் வரை 'ப்ளெய்ன் டேல்ஸ் ஃப்ரம் தி ஹில்ஸ்' என்ற தலைப்பில் கதைகள் வந்துகொண்டே இருந்தன.

கிப்ளிங்கின் சொந்தக் கணக்குப்படி ஒரு கதைக்கு 1,200 சொற்கள். அந்தச் சட்டத்துக்குள் ஒரு கல்யாணம் முறிய வேண்டும், ஓர் இளைஞன் தற்கொலை செய்துகொள்ள வேண்டும், ஓர் அதிகாரியின் மனைவி இன்னொருத்தியின் சதியை முறியடிக்க வேண்டும். வர்ணனைக்கு நேரமில்லை. கதை நடுவிலிருந்து தொடங்கும். கதை சொல்பவர் எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுவார். இது வேறு கதை என்று சொல்லிவிட்டு விலகிவிடுவார். எழுதியதை வெட்டுவதற்கு அவர் வைத்திருந்த முறையும் பிரசித்தம்: நன்றாக அரைத்த கறுப்பு மை, ஒரு தூரிகை. எழுதி முடித்து ஆறப்போட்டு, மறுபடி படித்து, வேண்டாத வரிகளை மையால் மறைப்பது. மறுபடி ஆறப்போடுவது, மறுபடி மறைப்பது. உலகம் பின்னால் 'கிப்ளிங் பாணி' என்று வியந்ததில் பெரும் பங்கு இந்தப் பத்தி அளவின் கொடை.

கெஸட் 1963இல் நின்றுபோயிற்று. தந்தை முதல்வராக இருந்த மேயோ பள்ளி இன்று பாகிஸ்தானின் தேசியக் கலைக் கல்லூரி.

சிம்லா: தன்னைப் பற்றித் தானே படித்த ஊர்

கதைகள் எழுதப்பட்டது சமவெளியில். ஆனால் அவற்றில் பல நடப்பது சிம்லாவில். இந்தியப் பேரரசு ஆண்டில் பாதியை 7,000 அடி உயரத்தில் இருந்தபடி நிர்வகித்துக்கொண்டிருந்தது. 1880களில் பத்திரிகை விடுமுறையிலும், பத்திரிகை வேலையாகவும் கிப்ளிங் பல கோடைகள் அங்கே போனார். மால் ரோடு, ஜக்கோ மலையைச் சுற்றும் பாதை, 1887இல் திறக்கப்பட்ட கெய்ட்டி நாடக அரங்கு. எல்லாரும் எல்லாரையும் பார்க்கும்படியான குறுகலான ஊர். இன்றைக்கும் மாலில் ஒரு முறை நடந்தால் இது புரியும். ஒதுங்கிப் போக வழி கிடையாது. ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் கடைகள்.

இந்த ஊரைப் பற்றிய கதைகளை இந்த ஊரே படித்தது என்பதுதான் வேடிக்கை. கெஸட்டின் வாசகர்கள் பஞ்சாபின் அதிகாரிகள், ராணுவத்தினர், அவர்களின் குடும்பத்தினர். நேற்று மாலில் கிசுகிசுத்தது இன்று பெயர் மாறி அச்சில் வருகிறது. அது யார் என்று ஊகிப்பது வாசகருக்கு ஒரு பொழுதுபோக்கு. 1885 கிறிஸ்துமஸுக்கு கெஸட் வெளியிட்ட 'குவார்ட்டெட்' என்ற மலரை எழுதியவர்கள் நால்வர்: தந்தை, தாய், தங்கை, ருட்யார்ட். செத்துப்போன காதலி ரிக்‌ஷாவில் சிம்லாவின் பாதைகளில் பின்தொடரும் பேய்க் கதை அதில்தான் முதலில் வந்தது.

1888 ஜனவரியில் கல்கத்தாவின் தாக்கர் ஸ்பிங்க் நிறுவனம் 'ப்ளெய்ன் டேல்ஸ்' கதைகளைப் புத்தகமாக்கியது. மொத்தம் 40 கதைகள். 28 கதைகள் கெஸட்டில் வந்தவை என்று முன்னுரை சொல்கிறது.

அந்த நாற்பதில் இந்தியர்கள் எங்கே? பெரும்பாலும் வேலைக்காரர்களாக, பின்னணியாக, ஆபத்தாக. ஆனால் சில கதைகளில் சட்டம் விரிசல் விடுகிறது. முதல் கதையான 'லிஸ்பத்', கோட்கரின் மலைப் பெண் ஒருத்தியைப் பாதிரியார் வீட்டாரும் ஒரு வெள்ளைக்காரனும் சேர்ந்து இனிமையாக ஏமாற்றுவதைச் சொல்கிறது. 1886இல் வந்த 'முகம்மது தீனின் கதை' இன்னும் சிறியது. வேலைக்காரரின் சின்ன மகன் தோட்டத்து மண்ணில் உடைந்த சில்லுகளையும் வாடிய பூக்களையும் வைத்து வீடு கட்டி விளையாடுகிறான். ஒரு நாள் வரவில்லை. ஜுரம். பிறகு, வெள்ளைத் துணி சுற்றிய அந்தச் சிறு உடலைத் தகப்பன் தூக்கிக்கொண்டு போவதைத் துரை வழியில் பார்க்கிறார். கதை அங்கே நிற்கிறது. கிப்ளிங்கை மன்னிக்க முடியாதவர்களும் இந்தக் கதையிடம் வாயடைத்துப் போவதுண்டு. இடம் குறைவாக இருந்ததால் அவர் அதில் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

அலகாபாத்: பயணத்துக்கு ஏற்ற நீளம்

1887 நவம்பரில் கிப்ளிங் அலகாபாத்துக்கு மாற்றப்பட்டார். 1865இல் ஜார்ஜ் ஆலன் தொடங்கிய 'தி பயனியர்' வட இந்தியாவின் செல்வாக்கு மிக்க ஆங்கில நாளிதழ். கெஸட்டின் பெரிய அண்ணன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு நேர்கோட்டுச் சாலைகளோடு எழுந்த சிவில் லைன்ஸ், உயர் நீதிமன்றம், வில்லியம் எமர்சன் வடிவமைத்த மியூர் சென்ட்ரல் கல்லூரியின் உயர்ந்த கோபுரம். அந்த எமர்சன்தான் பின்னாளில் கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் வடிவமைத்தவர். கோபுரம் இன்றும் அலகாபாத் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. அந்தக் கல்லூரியின் பேராசிரியர் ஹில்லும் அவருடைய அமெரிக்க மனைவி எட்மோனியாவும் வசித்த 'பெல்வெடேர்' பங்களாவில் கிப்ளிங் தங்கினார்.

பயனியர் 'தி வீக்ஸ் நியூஸ்' என்று ஒரு வாரப் பதிப்பைக் கொண்டுவந்தது. அதற்குக் கதை வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட்டின் கதைகளை விலைக்கு வாங்கலாம் என்று யோசனை. காசு கொடுத்து வாங்குவானேன், நானே எழுதித் தருகிறேனே என்றார் கிப்ளிங். 1,200 சொற்களின் சட்டம் உடைந்தது. இனி வாரம் ஒரு கதை, மூவாயிரம் சொற்களோ ஐயாயிரம் சொற்களோ. ஆசிரியரும் அவரே, எழுத்தாளரும் அவரே. மூன்று சிப்பாய்களின் கதைகள், குழந்தைகளின் கதைகள், கிராமத்துக் கதைகள் என்று 1888 முழுக்கக் கொட்டின. இங்கிலாந்தில் வளர்ப்பு வீட்டில் தானும் தங்கையும் பட்ட துன்பத்தை வைத்து அவர் எழுதிய 'பா பா பிளாக் ஷீப்' அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று வந்தது.

வாரப் பத்திரிகை ஒரு வாரத்தில் குப்பைக்குப் போய்விடும். அதைத் தடுத்தவர் எமில் மொரோ. ஏ.எச். வீலர் நிறுவனத்தின் பங்குதாரர். 1877இல் அலகாபாத் ரயில் நிலையத்தில் தொடங்கிய வீலர் கடை, வட இந்திய நிலையங்களில் பல தலைமுறைகளுக்குப் புத்தகம் என்பதன் மறுபெயராக இருந்தது. சென்னையில் 1844இல் பிறந்த ஹிக்கின்பாதம்ஸ் தெற்கில் எப்படியோ, வடக்கில் வீலர் அப்படி. டெல்லிக்கு வண்டி ஏறிய தமிழர்கள் பலருக்கு ஹிக்கின்பாதம்ஸ் பலகை மறைந்து வீலர் பலகை தென்படுவதுதான் வடக்கு வந்துவிட்டதற்கு அடையாளம்.

மொரோவின் கணக்கு எளிமையானது. பயணி அரை நாளோ ஒரு நாளோ வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். கனமான புத்தகம் தூக்க மாட்டார். ஒரு ரூபாய் தருவார். லண்டனில் 1848இல் யூஸ்டன் நிலையத்திலேயே கடை திறந்த டபிள்யூ.எச். ஸ்மித் இந்த வியாபாரத்தை நிரூபித்திருந்தார். 'சோல்ஜர்ஸ் த்ரீ', 'தி ஸ்டோரி ஆஃப் தி காட்ஸ்பீஸ்', 'இன் பிளாக் அண்ட் ஒயிட்', 'அண்டர் தி தியோடார்ஸ்', 'தி ஃபான்டம் ரிக்‌ஷா', 'வீ வில்லி விங்க்கி' என்று ஆறு புத்தகங்கள். அட்டைப் படங்களைத் தந்தை லாக்வுட் வரைந்தார். ஆறின் உரிமைக்காகக் கிப்ளிங்குக்குக் கிடைத்தது 200 பவுண்டும், சிறு ராயல்டியும்.

ஐந்தாவது புத்தகத்தில் ஒரு கதை நேரடியாகப் புத்தகத்துக்கென்றே வந்தது: 'தி மேன் ஹூ வுட் பி கிங்'. ராஜாவாக ஆசைப்பட்டு ஆப்கானிஸ்தானின் ஒரு மூலைக்குப் போகும் இரண்டு வெள்ளைக்கார ஊர்சுற்றிகளின் கதை. அது தொடங்குவது ஆஜ்மீர் பக்கத்து ரயில் பெட்டி ஒன்றில். முக்கியமான சந்திப்பு மார்வார் ஜங்ஷனில். மீதியெல்லாம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், உலகத்தின் மறு மூலையில் சாகக் கிடக்கும் யாரோ பெரிய மனிதரின் தந்திக்காக அச்சு காத்திருக்கும் புழுக்கமான இரவில். ரயிலும் அச்சகமும் தாம் பெற்ற கதைக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதைப் போல.

அதே டிசம்பர், அதே ஊர்

1888 டிசம்பரில் அலகாபாத் நிலையத்தில் வேறு கூட்டமும் இறங்கியது. இந்திய தேசிய காங்கிரசின் நான்காவது மாநாடு. சென்னை மாகாணம் உட்பட நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். மாநாட்டுக்கு இடம் கிடைக்காமல் அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். தர்பங்கா மகாராஜா லக்ஷ்மேஸ்வர் சிங் 'லௌதர் காசில்' என்ற மாளிகையை விலைக்கே வாங்கி, காங்கிரசுக்குத் திறந்துவிட்டார். தலைமை வகித்தவர் கல்கத்தா வணிகர் ஜார்ஜ் யூல், காங்கிரசின் முதல் பிரிட்டிஷ் தலைவர்.

பயனியர் காங்கிரசுக்கு ஜென்மப் பகை. 1889 புத்தாண்டு தினத்தன்று அதில் மாநாட்டைக் கேலி செய்யும் நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் கிப்ளிங். முகம்மது தீனின் மண் வீட்டை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண், ஆங்கிலம் படித்து, தன் நாட்டை நடத்தத் தனக்கும் உரிமை உண்டு என்று பேசிய இந்தியரைப் பார்த்தபோது கேலிச் சித்திரத்தைத் தவிர வேறெதையும் காணவில்லை. ஓராண்டு கழித்து லண்டனில் அச்சான 'தி ஹெட் ஆஃப் தி டிஸ்ட்ரிக்ட்' கதையில், எல்லைப்புற மாவட்டத்துக்கு வரும் வங்காளி ஐ.சி.எஸ். அதிகாரி கலவரம் என்றதும் ஓடிவிடுகிறார். அப்படித்தான் நடக்கும் என்பது கதையின் நிச்சயம்.

அளவு கற்றுக் கொடுத்த அதே பத்தி இந்தக் குருட்டுத்தனத்தையும் கற்றுக் கொடுத்தது என்று சொல்லலாம். பயனியருக்கும் வீலரின் ரூபாய்ப் புத்தகத்துக்கும் முதல் வாசகர், முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேயர். அவருக்குத் தெரிந்த இந்தியர் சமையற்காரர், சிப்பாய், குதிரைக்காரர். லௌதர் காசிலுக்குப் போன வக்கீல், அவர் கண்ணில் சிரிப்புக்கு உரியவர். எழுதியவருக்கு இருபத்து மூன்று வயது. வாசகரை எதிர்த்து எழுத அவர் முனையவில்லை. பிற்காலத்தில் அதற்கு வயதும் புகழும் வாய்ப்பும் இருந்தபோதும் முனையவில்லை.

1889 மார்ச்சில் ஹில் தம்பதியோடு கல்கத்தாவில் கப்பல் ஏறினார் கிப்ளிங். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, அலகாபாத்தின் ஒரு வக்கீல் வீட்டில் ஜவாஹர்லால் நேரு பிறந்தார்.

சியோனியைப் பார்க்காத கதைகள்

பர்மா, ஹாங்காங், ஜப்பான், அமெரிக்கா என்று சுற்றி அக்டோபரில் கிப்ளிங் லண்டன் போய்ச் சேர்ந்தார். ரூபாய்ப் புத்தகங்கள் அவருக்கு முன்பே ஆங்கிலேயப் பயணிகளின் பெட்டிகளில் கப்பல் ஏறிவிட்டிருந்தன. 1890இல் சாம்ப்ஸன் லோ நிறுவனம் அவற்றை லண்டனில் மறுபதிப்புச் செய்தது. 'மேக்மில்லன்ஸ்' மாத இதழ் புதுக் கதைகளை வாங்கியது. லாகூரில் ஓர் ஆங்கிலேயரும் ஒரு முஸ்லிம் பெண்ணும் ரகசியமாக நடத்தும் குடும்பத்தைச் சொல்லும் 'வித்தவுட் பெனிஃபிட் ஆஃப் கிளர்ஜி' 1890 ஜூனில் அதில் வந்தது. அமெரிக்காவில் 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குக் காப்புரிமை இல்லாததால், ஒரு காசு தராமல் பதிப்பாளர்கள் அவரை அச்சிட்டுத் தள்ளினார்கள். பிரசித்தமும் அதனாலேயே பரவியது.

1891 டிசம்பரில் பெற்றோரைப் பார்க்க லாகூர் வந்ததே கடைசி வருகை. மௌக்ளியின் கதைகள் பனி மூடிய அமெரிக்க வெர்மான்ட்டில் எழுதப்பட்டவை. நியூயார்க்கிலிருந்து வந்த 'செயின்ட் நிக்கலஸ்' என்ற சிறுவர் மாத இதழில் 1894இல் அவற்றில் சில வந்தன. இன்று மத்தியப் பிரதேசத்தின் சியோனிக்கும் பெஞ்ச் காட்டுக்கும் போகிறவர்கள் மௌக்ளியின் ஊருக்குப் போகிறோம் என்றே போகிறார்கள். கிப்ளிங் சியோனிக்குப் போனதே இல்லை. காட்டைப் பற்றிய பிறர் புத்தகங்களிலிருந்தும், கேட்ட விவரங்களிலிருந்தும் அதைக் கட்டினார். ஏழு ஆண்டுகள் பத்தி நிரப்பியவருக்கு, பார்க்காத இடத்தைப் பார்த்தது போல எழுதுவது கைவந்த கலை.

பதில் வந்த இடம்

கதை இங்கே முடிந்திருக்கலாம். அலகாபாத் முடிக்கவில்லை. கிப்ளிங் லாகூரில் முதல் கதை எழுதிய அதே 1884இல், சிந்தாமணி கோஷ் என்ற வங்காளி அலகாபாத்தில் 'இந்தியன் பிரஸ்' என்ற அச்சகத்தைத் தொடங்கினார். 1900 ஜனவரியில் அங்கிருந்து 'சரஸ்வதி' என்ற இந்தி மாத இதழ் வந்தது. 1903இல் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் மகாவீர் பிரசாத் த்விவேதி. ரயில்வேயில் வேலை பார்த்தவர். இந்திச் சிறுகதை வளர்ந்த மேடைகளில் முதன்மையானது சரஸ்வதி. பிரேம்சந்தின் 'பஞ்ச் பரமேஸ்வர்' 1916இல் அதில்தான் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1915 ஜூனில், சந்திரதர் சர்மா குலேரியின் 'உஸ்னே கஹா தா' அதே இதழில் வெளியாயிற்று. அமிர்தசரஸ் கடைத்தெருவில் ஒரு பையனும் சிறுமியும் சந்திக்கிறார்கள். 25 ஆண்டுகள் கழித்து அந்தப் பையன், ஜமாதார் லஹனா சிங், ஐரோப்பாவின் சேற்றுப் பதுங்குகுழியில் வெள்ளையருக்காகப் போரிடுகிறான். ஆங்கிலேய அதிகாரியின் சீருடை அணிந்த ஒரு ஜெர்மன் உளவாளி உள்ளே வருகிறான். சீக்கியச் சிப்பாயிடம் சிகரெட்டை நீட்டுகிறான். லஹனாவுக்குச் சந்தேகம் வருகிறது. தன் ஆட்களை அறிந்த துரை இதைச் செய்ய மாட்டார். சிறுமியாக அன்று பார்த்தவள் இன்று சுபேதாரின் மனைவி. கணவனையும் மகனையும் காப்பாற்று என்று அவள் ஒரு முறை கேட்டிருந்தாள். அதற்காக அவன் சாகிறான். மன்னரின் பெயரால் அல்ல.

கிப்ளிங்கின் மூன்று சிப்பாய்களும் ஆங்கிலப் படையின் வெள்ளைக்காரர்கள். அவர்களின் பேச்சும் சிரிப்பும் கண்ணீரும் ஒரு ரூபாய்ப் புத்தகத்தில் வந்து உலகம் சுற்றின. இந்தியச் சிப்பாய் தன் மொழியில் தன் மனத்தைச் சொல்ல, அதே ஊரில் இன்னும் 27 ஆண்டுகள் ஆயிற்று.

குலேரியின் கதை வந்த மூன்று மாதத்தில், 1915 செப்டம்பரில், பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் கிப்ளிங்கின் ஒரே மகன் ஜான் காணாமல் போனான். வயது 18. உடல் கிடைக்கவில்லை. 1917இல் கிப்ளிங் அமெரிக்க வார இதழ் ஒன்றில், ஐரோப்பியப் போர்முனையிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதும் கடிதங்களாகச் சில கதைகளை எழுதினார். இந்தியாவை விட்டு இத்தனை காலம் கழிந்த பிறகு, அந்தச் சிப்பாயின் குரலில் பேசிப் பார்த்தார். அவர்கள் பேசுவது அப்போதும் அரசின் மேன்மையைத்தான்.

பயனியர் 1933இல் லக்னோவுக்கு இடம் மாறிவிட்டது. கிப்ளிங் 1936 ஜனவரியில் இறந்தார். ரயில் நிலையப் புத்தகக் கடைகள் பலவற்றில் இன்று பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும்தான் முன்னால் நிற்கின்றன. புத்தகங்கள் பின்னால் ஒரு தட்டில் இருக்கும். அலகாபாத்தில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் அந்தத் தட்டைப் பார்த்தால், இந்தியில் பிரேம்சந்த் கிடைக்கலாம். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள் புக்' இருக்கலாம். யாருக்கும் பகை இல்லாமல் இரண்டும் ஒரே கயிற்றில் தொங்கும். அச்சுக் கோத்த ருக்ன் தீன் போன்றவர்களின் பெயர் எந்த அட்டையிலும் இருக்காது. எந்த நீளத்துக்கு எழுத வேண்டும் என்று கிப்ளிங்குக்குச் சொன்னவர் அவர். யாருடைய கதை என்று சொல்ல அவரை யாரும் கேட்கவில்லை.